அயல்நாட்டுக் காவலில் உள்ள மீனவருக்காக அமைச்சரைச் சந்திப்பது எப்படி: குமரிக் கடற்கரையின் சமய அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில், நம்மவர் வேலை செய்யும் படகொன்று வேறொரு நாட்டின் கடற்பகுதியில் பிடிபட்டது என்ற செய்தி வந்தால், அது முதலில் போய்ச் சேருமிடம் காவல் நிலையமோ மீன்வளத் துறை அலுவலகமோ அல்ல. பங்குத்தந்தையின் வீட்டு வாசல்தான். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தன் மாமியாரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவோடு வந்து நிற்பார். "லாஞ்சப் புடிச்சிட்டாவ" என்பதற்கு மேல் அந்தப் பதிவில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு சொற்கள் சில வாரங்களுக்குள், இந்திய வெளியுறவு அமைச்சர் இன்னொரு நாட்டு அமைச்சரோடு பேசும்போது அவர் முன்னால் வைக்கப்படும் தாளில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். அதற்குப் பங்குப் பேரவையும், ஜமாஅத்தும், கோயில் அறங்காவலர்களும், நிழல் தாங்கல் எனப்படும் அய்யாவழி வழிபாட்டிடங்களின் நிர்வாகிகளும் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை, பங்குப் பேரவையில் பல ஆண்டுகள் மனு எழுதியவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது

மனு கொடுக்கப் புறப்படுவதற்கு முன் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்வது நல்லது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் அயலுறவு மத்தியப் பட்டியலில் 10ஆவது இனமாகவும், ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு அப்பால் மீன்பிடித்தல் அதே பட்டியலில் 57ஆவது இனமாகவும் இருக்கின்றன. மாநிலப் பட்டியலில் 21ஆவது இனமாக உள்ள மீன்வளம், நம் கரையையும் அதை ஒட்டிய கடலையும் மட்டுமே சார்ந்தது. ஆகவே ஈரானிடமோ கத்தாரிடமோ முதலமைச்சர் அதிகாரபூர்வமாகப் பேச முடியாது. ஆனால் அவர் பிரதமருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் கடிதம் எழுதலாம்; ஒரு முதலமைச்சரின் கடிதம் வந்தால் அதற்கு ஒரு கோப்பு உருவாகும், அந்தக் கோப்புக்கு ஒரு பதில் தயாராக வேண்டியிருக்கும். முதலமைச்சரிடம் நாம் கேட்க வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான். "ஈரான் அரசிடம் பேசி விடுதலை செய்ய ஆவன செய்ய வேண்டும்" என்று அவருக்கு எழுதினால், அவரிடம் இல்லாத அதிகாரத்தைக் கேட்டவர்களாகிறோம். இருக்கும் அதிகாரத்தைக் கேட்க மறந்தவர்களுமாகிறோம்.

டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் நாடுகளின் அடிப்படையில் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு ஒரு பிரிவு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பிரிவு, இலங்கை, மாலத்தீவு உள்ளிட்ட இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு ஒரு பிரிவு என்று அவை அமைந்திருக்கின்றன. பிரதமரோ அமைச்சரோ ஒரு நாட்டுத் தலைவரைச் சந்திக்கும் முன்பும், தொலைபேசியில் பேசும் முன்பும், பேச வேண்டியவை பற்றிய குறிப்பை அந்தந்தப் பிரிவின் அதிகாரிகள் தயாரிக்கிறார்கள். எண்ணெய், துறைமுகம், வணிகம், பாதுகாப்பு என்று நீளும் அந்தக் குறிப்பில் நம் மீனவருக்குக் கிடைக்கக்கூடியது ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. அமைச்சர் மேடையில் நமக்குக் கொடுக்கும் வாக்குறுதியைவிட, அந்தப் பிரிவின் அதிகாரி மேசையில் நம் தாள் தெளிவாக இருப்பது முக்கியம் என்பது என் அனுபவம்.

தலைவர்கள் பேசினால் பயன் உண்டா என்று சிலர் கேட்பார்கள். 2011இல் கைதான ராமேசுவரம் மீனவர் ஐவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் 2014 அக்டோபர் 30 அன்று மரண தண்டனை விதித்தது. பிரதமர் மோதி இலங்கை அதிபர் ராஜபக்சவோடு தொலைபேசியில் பேசிய பின், நவம்பரிலேயே ஐவரும் பொதுமன்னிப்புப் பெற்று நாடு திரும்பினார்கள். இதில் ஊர் மக்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நுணுக்கம் உண்டு. தண்டனையை எதிர்த்து இந்தியத் தரப்பு மேல்முறையீடு செய்திருந்தது. மன்னிப்புக்கு வழிவிடும் பொருட்டு அந்த மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது. சட்ட வழியும் அரசியல் வழியும் ஒன்றையொன்று தடுக்கக்கூடியவை. குடும்பத்தார் தனியே ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டு தூதரகத்துக்குச் சொல்லாமல் மேல்முறையீடு செய்வதை நான் ஏன் தடுக்கிறேன் என்பதற்கு இதுவே விடை.

முதல் இரண்டு நாள்

மனு எழுதுவதற்கு முன் தகவல் திரட்ட வேண்டும். இந்த வேலையில் அவசரம் காட்டியதால் நாங்களே பட்ட துன்பம் ஒன்று உண்டு. ஒரு மீனவரின் பெயரை ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல் எழுதிக் கொடுத்துவிட்டோம். அவருடைய கடவுச்சீட்டில் ஞானஸ்நானப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து இருந்தன. அந்த நாட்டு இக்காமாவில் (குடியிருப்பு அனுமதி அட்டையில்) தந்தை பெயர் முதலிலும் அவர் பெயர் இரண்டாவதாகவும் அரபியில் வேறு உச்சரிப்போடு பதிவாகியிருந்தன. தூதரக அதிகாரி சிறை நிர்வாகத்திடம் நாங்கள் கொடுத்த பெயரைக் கேட்டபோது, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. மூன்று வாரம் வீணாயிற்று. அதன் பின், கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் இக்காமாவின் இரு பக்கங்களையும் கண்ணால் பார்க்காமல் ஒரு பெயரைக்கூட நான் எழுதுவதில்லை. வேலைக்குப் போகும் முன்பே இந்த நகல்களை அன்பியத் (பங்கின் சிறு குழுவின்) தலைவரிடமோ பங்கு அலுவலகத்திலோ கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தை ஏற்படுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்ததாக, படகு யாருடையது என்பதை உறுதிசெய்ய வேண்டும். நம் ஊர்ப் படகில் போய்ப் பிடிபடுவதையும் அயல்நாட்டு முதலாளியின் படகில் போய்ப் பிடிபடுவதையும் நம் ஊர் மக்கள் ஒன்றாகவே பேசுவார்கள். சட்டத்தில் இவை இரு வேறு வழக்குகள். தேங்காய்ப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு ஓமான் பக்கமோ டியாகோ கார்சியா பக்கமோ போய்ப் பிடிபட்ட தூத்தூர்ப் பகுதி விசைப்படகு இந்தியாவில் பதிவு செய்யப்பட்டது. அதன் கொடி நாடு இந்தியா. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு, பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியதற்காகப் பிடிபட்ட படகையும் ஆட்களையும் நியாயமான பிணையின் பேரில் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்றும், நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாதவரை அந்த மீறலுக்குச் சிறைத் தண்டனை கூடாது என்றும், பிடித்த செய்தியைக் கொடி நாட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் இது கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு உட்பட்ட ஆட்சிக்கடலுக்குப் பொருந்தாது. ஈரான் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தாலும் இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆகவே, படகு பிடிபட்ட இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளி கிடைக்குமானால் அது மனுவின் மிக விலையுயர்ந்த எண். உடன் சென்ற வேறு படகின் ஸ்ராங்குக்கு (படகைச் செலுத்தும் தலைவருக்கு) அது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அவர் கரை திரும்பிய அன்றே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மாறாக, பஹ்ரைனிலோ சவூதியிலோ ஓர் அரபாப்பின் (அரபு முதலாளியின்) லாஞ்சில் கூலிக்குப் போனவர் ஈரான் கடலோரக் காவலிடம் சிக்கினால், அந்த லாஞ்சின் கொடி நாடு இந்தியா அல்ல. படகுக்காகப் பேச வேண்டியது பஹ்ரைனோ சவூதியோதான். அரபாப் தன் படகை மீட்டுக்கொண்டு ஆட்களை மறந்துவிடுவதும் நடக்கிறது. இந்தியாவுக்கு இருப்பது, தன் குடிமகனைத் தூதரக அதிகாரி சந்திக்கும் உரிமை. 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு அதைத் தருகிறது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: காவலில் இருப்பவர் கேட்டால்தான் தூதரகத்துக்கு அறிவிக்கும் கடமை எழுகிறது. ஆகவே பிடிபட்டவரிடமிருந்து முதல் தொலைபேசி அழைப்பு வரும்போது, அழுவதற்கு முன்பாக அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே: "இந்தியத் தூதரக அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள்." வேலைக்குப் போகும் பையன்களுக்கு இந்த வாக்கியத்தை ஆங்கிலத்திலும் அரபியிலும் மனப்பாடம் செய்துவைக்கச் சொல்வது மறைக்கல்வி வகுப்பிலேயே செய்யத்தக்க காரியம்.

இந்தத் தகவல்கள் கைக்கு வந்தவுடன், வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதாத் இணையதளத்தில் குடும்பத்தார் பெயரில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். 1800-11-3090 என்ற கட்டணமில்லா எண்ணில் அயல்நாடு வாழ் இந்தியருக்கான உதவி மையமாகிய பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரத்தையும் அழைக்கலாம். மதாத் தரும் பதிவு எண் பின்னால் எழுதப்போகும் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத மனு, எத்தனை ஆயர்கள் கையெழுத்திட்டிருந்தாலும், முன்வரலாறு எதுவும் இல்லாத புது மனுவாகவே நடத்தப்படும்.

எந்தத் தூதரகம் என்பதிலும் தவறு நேர்கிறது. ஈரானின் தென்கடற்கரைக்கு டெஹ்ரான் தூதரகத்தைவிட பந்தர் அப்பாஸில் உள்ள இந்தியத் துணைத் தூதரகமே அருகில் இருக்கிறது. சவூதியின் தம்மாம் பகுதி ரியாத் தூதரகத்தைச் சார்ந்தது, ஜித்தாவை அல்ல. டியாகோ கார்சியா பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருப்பதால் அங்கே பேச வேண்டியது பிரிட்டனோடு.

ஏன் எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து போக வேண்டும்

இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் மாவட்டத்தில் இது எளிதான காரியம் அல்ல. 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே நடந்த கலவரத்துக்குப் பின் கடற்கரை ஊருக்கும் உள்நாட்டு ஊருக்கும் நடுவில் விழுந்த விரிசலை மூத்தவர்கள் யாரும் மறக்கவில்லை. அப்போது குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து சமாதானத்துக்காக ஊர் ஊராக நடந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்க மீனவராகவே இருக்கும்போது, அய்யாவழியின் தலைமையிடமான சாமிதோப்பிலிருந்தும் தக்கலையிலிருந்தும் குளச்சல் ஜமாஅத்திலிருந்தும் ஏன் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்கள் பேரவையிலேயே கேட்டார்கள்.

முதல் காரணம், அயல்நாட்டு அரசின் முன் அவர்கள் இந்தியக் குடிமக்கள் என்ற ஒரே அடையாளத்தோடுதான் நிற்கிறார்கள். "கிறிஸ்தவ மீனவர்கள்" என்று மனுவில் எழுதினால், நம் தலைவருக்கு அது ஒரு வாக்குவங்கியின் கோரிக்கையாகவும், எதிர்த்தரப்புக்கு அது தேவையில்லாத ஒரு சமயப் பேச்சாகவும் தெரியும். இரண்டாவது காரணம், இந்த மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத சமூகம் எதுவும் இல்லை. இன்று லாஞ்சில் சிக்கியவர் பூத்துறைக்காரர் என்றால், நாளை கட்டடத் தொழிலில் ஊதியமின்றி முகாமில் கிடப்பவர் தோவாளைக்காரராக இருப்பார். மூன்றாவதை நான் நடைமுறையில் கற்றேன். அரபு நாட்டு ஆட்சியாளர்கள் ரமலான், பெருநாள், தேசிய நாள் ஆகியவற்றையொட்டிக் கைதிகளுக்கு மன்னிப்பு அளிக்கும் வழக்கம் உண்டு. பஹ்ரைனின் தேசிய நாள் டிசம்பர் 16, கத்தாருக்கு டிசம்பர் 18, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு டிசம்பர் 2. மன்னிப்புப் பட்டியலுக்குப் பெயர்கள் பல வாரங்களுக்கு முன்பே போக வேண்டும். ரமலான் எந்த வாரம் தொடங்கும், கருணை மனுவில் என்ன முறையில் விளிப்பது, எந்தச் சொல் மரியாதைக் குறைவாகப்படும் என்பதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜமாஅத்தின் செயலாளர்தான். அவர் திருத்திய பின் அந்தக் கடிதம் எங்கள் கடிதமாகவே இல்லை. அதைவிட நல்ல கடிதமாக இருந்தது.

திருச்சபைக்கு வேறொரு வழியும் இருக்கிறது. 2016 மார்ச்சில் ஏமனின் ஏடன் நகரில் கடத்தப்பட்ட கேரளத்தைச் சேர்ந்த சலேசிய குரு டாம் உழுந்நாலில் 2017 செப்டம்பர் 12 அன்று ஓமான் அரசின் உதவியால் விடுவிக்கப்பட்டார். ஏமனின் தலைநகரில் அப்போது இந்தியத் தூதரகம் இயங்கவில்லை. இந்திய அரசும் வத்திக்கானும் அவரவர் வழியில் முயன்றன. மூன்றாவதாக ஒரு நாடு கைகொடுத்தது. விடுதலையானவர் முதலில் ரோமில் திருத்தந்தை பிரான்சிஸையும், பின்னர் டெல்லியில் பிரதமரையும் சந்தித்தார். நம் மீனவர் வழக்குகள் கடத்தல் அல்ல என்றாலும், பிடித்த நாட்டோடு யாருக்கு நல்லுறவு இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டெல்லியில் உள்ள திருத்தந்தையின் தூதரகத்துக்கு ஆயர் வழியாகக் கடிதம் போகலாம். கடலோடிகளுக்கான திருச்சபைப் பணியான ஸ்டெல்லா மாரிஸ் வழியாகத் துறைமுகத்தில் ஒருவர் போய்ப் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். ஆனால் அந்த நாட்டில் திருச்சபை எந்த அளவு வெளிப்படையாக இயங்க முடியும் என்பதை அறியாமல், அங்குள்ள குருவின் பெயரை முகநூலில் போட்டு நன்றி சொல்லும் அசட்டுத்தனத்தைச் செய்துவிடக் கூடாது.

நிர்வாகச் சிக்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீரோடி முதல் இரையுமன்துறை வரையான தூத்தூர்ப் பகுதி ஊர்கள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கிழக்கே போகப் போகக் குழித்துறை, கோட்டாறு மறைமாவட்டங்கள் வருகின்றன. பேராயர் கேரளத் தலைநகரில் இருப்பதால் அந்த ஊர்களுக்கு இரண்டு மாநிலங்களின் கதவும் திறக்கும். அதே காரணத்தால் இரு மாநிலமும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடவும் கூடும். கடிதத்தில் விளிப்பதிலும் கவனம் தேவை: கத்தோலிக்கர் ஆயர் என்று மறைமாவட்டத் தலைவரைச் சொல்கிறார்கள், சி.எஸ்.ஐ. திருச்சபையில் ஆயர் என்றால் சேகரத்தின் (உள்ளூர்ச் சபையின்) போதகர், மறைமாவட்டத் தலைவருக்குப் பேராயர் என்று பெயர். கையெழுத்துப் பட்டியலில் இது மாறிப்போய், ஒரு பேராயரைப் போதகராக்கிய பெருமையும் எங்களுக்கு உண்டு.

ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை

மனுவின் முதல் பக்கத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும், மீதியெல்லாம் இணைப்பு. நம் ஊர் மனுக்கள் வழக்கமாக மூன்று பத்திப் புகழுரையோடு தொடங்கும். ஒருமுறை நாங்கள் கொடுத்த மனுவை ஒரு தலைவர் புகைப்படத்துக்காக ஒரு கையால் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவருடைய உதவியாளர் தொலைபேசியில் அழைத்து, "எந்த நாடுன்னு எங்கேயும் காணோமே" என்று கேட்டார். நாடு நான்காம் பக்கத்தில் இருந்தது. தவறு அவருடையது அல்ல.

முதல் வரியில் எத்தனை இந்தியர், எந்த நாட்டில், எந்த நாளிலிருந்து காவலில் இருக்கிறார்கள் என்பது வர வேண்டும். அடுத்து ஒரு சிறிய அட்டவணையில், கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த நாள், படகின் பெயரும் பதிவு எண்ணும், உரிமையாளர், பிடித்த படை அல்லது துறை, வைத்திருக்கும் இடம், கடைசியாகப் பேசிய நாள், உடல்நிலை ஆகியவை இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ மருந்து சாப்பிடுபவர் இருந்தால் மருந்தின் பெயரோடு தனி வரியில் எழுத வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குள் நுழைவதற்குப் பல நேரங்களில் அதுவே வலுவான காரணமாகிறது. அதற்குப் பின் கோரிக்கைகள். "விரைந்து விடுவிக்க ஆவன செய்யுமாறு" என்பது கோரிக்கை அல்ல, விருப்பம். "தூதரக அதிகாரி நேரில் சந்திக்க அனுமதி பெற்றுத் தர வேண்டும்; இந்தியச் சமூக நல நிதியிலிருந்து வழக்கறிஞரை அமர்த்த வேண்டும்; அபராதம் விதிக்கப்பட்டிருந்தால் தொகையையும் கெடுவையும் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அடுத்த இருதரப்புச் சந்திப்பில் இதை எழுப்ப வேண்டும்" என்று, ஓர் அதிகாரி செய்து முடித்தேன் என்று குறியிடத்தக்க வாக்கியங்களே கோரிக்கைகள். 2009இல் ஏற்படுத்தப்பட்ட அந்த நல நிதி ஒவ்வொரு தூதரகத்திடமும் இருக்கிறது. பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.

தமிழில் எழுதிய மனுவோடு அதே பக்கத்தின் ஆங்கில வடிவத்தையும் சேர்க்க வேண்டும். சென்னையில் தமிழ் போதும். டெல்லியில் குறிப்பு தயாரிப்பவருக்கு நம் மொழி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பட்டியல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை 2017 ஒக்கிப் புயல் கற்பித்தது. நவம்பர் 30 அன்று புயல் அடித்த பின், காணாமல்போனவர்கள் குறித்து அரசு சொன்ன எண்ணிக்கையும் பங்குகள் சொன்ன எண்ணிக்கையும் நாள்தோறும் வேறுபட்டன. லட்சத்தீவிலும் குஜராத், மகாராஷ்டிரக் கரைகளிலும் ஒதுங்கியவர்களின் பெயர்கள் சில பட்டியல்களில் இருமுறை வந்தன, சிலவற்றில் வரவே இல்லை. டிசம்பர் 19 அன்று பிரதமர் கன்னியாகுமரிக்கு வந்தபோதும் எண்ணிக்கைச் சண்டை ஓயவில்லை. ஆகவே ஒரு பங்கு, ஒரு சங்கம், ஒரு கட்சி என்று தனித்தனியே பட்டியல் கொடுப்பதை நிறுத்தி, மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தோடு சரிபார்த்த ஒரே பட்டியலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சந்திப்பு

நேரம் கேட்பதற்குப் பல வாசல்கள் இருக்கின்றன. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், மீனவர்களுக்கான தனிக் குறைதீர் கூட்டம், நாடாளுமன்ற உறுப்பினர், மாநிலத்தின் அயலகத் தமிழர் நலத்துறை ஆகிய எல்லாவற்றிலும் முதலில் மனுவைப் பதிவு செய்து ரசீது வாங்கிய பின்பே அமைச்சரிடம் போக வேண்டும். அடிமட்டத்தில் பதிவாகாத மனுவை மேலே கொடுத்தால், அது அறிக்கை கேட்டுத் திரும்பக் கீழேதான் வரும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களில் தலைவர்களைத் தேடி அலைவதைவிட அதிகாரிகளிடம் போவது மேல்.

தலைவர் மாவட்டத்துக்கு வருகிறார் என்றால் தூதுக்குழுவில் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்: ஒரு கத்தோலிக்கர், ஒரு சி.எஸ்.ஐ., ஒரு ஜமாஅத், ஒரு கோயில் அல்லது நிழல் தாங்கல், பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து ஒரு பெண். பெயர்களை ஆதார் எண்ணோடு ஆட்சியர் அலுவலகத்தில் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். பேசுவது ஒருவர் மட்டும், இரண்டு நிமிடம். அந்தப் பெண் பேச விரும்பினால் அவரைப் பேச விடலாம். அழுது காட்டுவதற்காக அவரை அழைத்துச் செல்வது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பொன்னாடை வேண்டாம் என்று நான் சொன்னால் எங்கள் பேரவையில் இன்றும் எதிர்ப்பு வருகிறது, ஆனால் விருந்தினர் மாளிகை மேசையில் பொன்னாடைகள் ஒரு குவியலாகவும் மனுக்கள் இன்னொரு குவியலாகவும் கிடப்பதைப் பார்த்தவர்கள், இருக்கும் இரண்டு நிமிடத்தில் ஒன்றைத் துணி போர்த்துவதில் செலவிட மாட்டார்கள். தலைவரிடம் ஒரு படியும் அவருடைய தனிச் செயலரிடம் ஒரு படியும் கொடுத்து, செயலரின் பெயரையும் அலுவலக மின்னஞ்சலையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உண்மையில் நாம் சந்திக்கப் போவது அந்தச் செயலரைத்தான்.

உருக்கமான சமயப் பேச்சையும் தவிர்க்க வேண்டும். தலைவர் கோயிலுக்கு வந்ததையோ கிறிஸ்துமஸ் விழாவில் கலந்துகொண்டதையோ இஃப்தாரில் நோன்புக் கஞ்சி அருந்தியதையோ நினைவூட்டி, அதற்குக் கைம்மாறு கேட்பதுபோல் பேசினால் அவருக்கும் நமக்கும் மதிப்பு குறையும்.

அதன் பிறகு

சந்திப்பு முடிந்த மறுநாளே, பேசியதைப் பத்து வரியில் எழுதிச் செயலருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். முதலமைச்சர் கடிதம் எழுதினால் அதன் நகலைக் கேட்டு வாங்கி மதாத் பதிவில் இணைக்க வேண்டும். முப்பது நாளாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரிவுக்கு மனு போனது, என்ன நடவடிக்கை என்று மட்டும் கேட்கலாம். நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாள்களில் உறுப்பினர் எழுப்பும் ஒரு கேள்விக்கு அமைச்சகம் எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும்.

சாலைமறியல் பற்றிக் கேட்பார்கள். ஒக்கி வேளையில், 2017 டிசம்பரில், குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தது நம் அரசை அசைப்பதற்காக. அது நியாயமானது, அசைத்தது. அயல்நாட்டோடு மெதுவாகப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அந்த நாட்டின் தூதரகத்துக்கு முன்னால் கொடும்பாவி எரித்தால், உள்ளே இருப்பவர்களின் நாள்கள்தான் கூடும். எப்போது எதைச் செய்வது என்று தூதரக அதிகாரியிடமே வெளிப்படையாகக் கேட்டுவிடலாம். பலர் நேர்மையாகவே பதில் சொல்வார்கள்.

விடுதலை ஆணை வந்த பின்னும் சில வாரங்கள் ஓடும். கடவுச்சீட்டு அரபாப்பின் மேசையிலோ கடலோரக் காவலிடமோ இருக்கும். இல்லாதவருக்குத் தூதரகம் அவசரகாலச் சான்றிதழ் வழங்கும். அபராதம், வெளியேறும் அனுமதி, பயணச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் யார் பணம் கட்டுகிறார் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது ஈரானில் சிக்கிய நம் மீனவர்களுள் பலரை, பந்தர் அப்பாஸிலிருந்து ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் ஏற்றிவந்து ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. அந்தப் பயணத்துக்கு முன் பட்டியல்களைச் சரிபார்க்கவே எத்தனை இரவுகள் தேவைப்பட்டன என்பதை அந்தந்த ஊர்ப் பங்கு அலுவலகங்கள் அறியும். இப்போது பெரும்பாலானோர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். அங்கே மாலையோடு நிற்பவர்களுக்கு நடுவில் பேரவைச் செயலாளர் ஒரு குறிப்பேட்டோடு நிற்க வேண்டும். தரப்படாத ஊதியம் எத்தனை மாதம், கையெழுத்து வாங்கிய தாள்களில் என்ன இருந்தது, இன்னும் உள்ளே இருக்கும் வேற்றூர்க்காரர் யார் யார் என்பதை வீட்டுக்குப் போகும் வழியிலேயே, மாநில எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டுவதற்குள் கேட்டு எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் யாருக்கும் அதைப் பேச மனம் வராது. தலைவருக்குக் கூட்டம் கூட்டி நன்றி சொல்வதை ஊரார் பார்த்துக்கொள்வார்கள். சிறைக்குப் போய் நம் ஆட்களைப் பார்த்த அந்தத் துணைத் தூதரக அதிகாரிக்கு, மதாத் எண்ணைக் குறிப்பிட்டு, எல்லாச் சமயத்தாரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பவும். அந்தக் குறிப்பேட்டில் உள்ள வேற்றூர்க்காரர்களின் பெயர்களை அந்தக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் சேர்க்கவும்.